குழாயில் 31 டிகிரி: வீட்டில் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவ எந்த டெவலப்பர்?

காசிமேட்டுக் கேமரா

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை ரோல்களை ஒரு லேபில் கொடுத்துக் கழுவி வாங்கிக்கொண்டிருந்தேன். கடைசியாக வந்த நெகட்டிவ்களில் நீளவாக்கில் கீறல். கேட்டால் "உங்கள் கேமராவைப் பாருங்கள் சார்" என்கிறார்கள். பார்த்தாயிற்று, கேமராவில் குற்றமில்லை. இனி வீட்டிலேயே கழுவிக்கொள்வதாக முடிவு செய்துவிட்டேன்.

எடுப்பது 35 மி.மீ. எச்பி5 பிளஸ், இல்ஃபோர்டின் 400 வேக பிலிம். மாதம் ஒரு ரோல், சில மாதம் இரண்டு, சில மாதம் ஒன்றுமே இல்லை. பிரின்ட் போடுவதில்லை, ஸ்கேன் மட்டும்தான். குடியிருப்பது சென்னையில் மூன்றாவது மாடி. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர். நேற்று இரவு பத்து மணிக்குக் குழாயடியில் வெப்பமானியைப் பிடித்தேன்: 31 டிகிரி. பிலிம் கழுவும் தொட்டி, பிலிமைச் சுற்றும் ரீல், இருட்டில் ஏற்றக் கருப்புப் பை எல்லாம் வாங்கிவிட்டேன். டெவலப்பர், அதாவது பிலிமில் மறைந்திருக்கும் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல், அது மட்டும்தான் பாக்கி. ஒருவர் டி-76 என்கிறார், ஒருவர் ரோடினால், ஒருவர் எச்சி-110. துகள் (படத்தில் மணல் போல் தெரியும் புள்ளிகள்) குறைவாக வருவது எது, கூர்மை அதிகம் எது என்று படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது. எதை வாங்குவது?

மஞ்சள் ஃபில்டர்

டி-76 வாங்குங்கள், வேலை முடிந்தது. 1927இல் சினிமா பிலிமுக்காகக் கோடாக் கொண்டுவந்த டெவலப்பர். ஏறக்குறைய நூறு வருடமாக மற்ற டெவலப்பர்களையெல்லாம் இதோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறார்கள். இல்ஃபோர்டின் ஐடி-11 கிட்டத்தட்ட இதேதான். எந்த பிலிம் பெட்டியைத் திறந்தாலும் இதற்கான நேரம் போட்டிருக்கும். துகள், கூர்மை, வேகம் மூன்றும் நடுநிலையில் நிற்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேறு என்ன வேண்டும்?

ரோடினால் ரசிகன்

மாதம் ஒரு ரோல் கழுவுகிறவருக்கு ஒரு லிட்டர் டி-76 கரைத்து வைக்கச் சொல்கிறீர்களே! பாதி பாட்டில் காலியானதும் காற்றுப் பட்டுக் கெடத் தொடங்கும். முழு பாட்டில் ஆறு மாதம், பாதி பாட்டில் இரண்டு மாதம் என்று கோடாக்கே சொல்கிறது. அதுவும் நம் ஊர் வெயிலில்!

ரோடினால் வாங்குங்கள். 1891இலிருந்து விற்பனையில் இருக்கிறது. அக்ஃபா போட்டோ நிறுவனம் 2005இல் நொடித்த பிறகும் அடாக்ஸ் தயவில் உயிரோடு இருக்கிறது. திறந்த பாட்டில் வருடக்கணக்கில் கெடாது, நிறம் கறுத்துப்போனாலும் வேலை செய்யும். ஒரு ரோலுக்கு ஆறு மில்லி, மீதியெல்லாம் தண்ணீர். இதைவிடச் சிக்கனம் எங்கே? நேரம் பார்க்கும் தொல்லையே வேண்டாம் என்றால் 1+100 கலவையை (ஒரு பங்கு டெவலப்பர், நூறு பங்கு தண்ணீர்) ஊற்றி ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்துவிடுங்கள்.

உப்புத்தராசு

இருவரும் டெவலப்பரைப் பற்றியே பேசுகிறீர்கள். கேட்டவர் எழுதியதில் முக்கியமான எண் 31. அதை இருவருமே தொடவில்லை.

காசிமேட்டுக் கேமரா, துகள், கூர்மை என்பதைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். எச்பி5 பிளஸை ஒழுங்காக எக்ஸ்போஸ் செய்து ஒழுங்காகக் கழுவினால், டி-76க்கும் எச்சி-110க்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்கேனில் நீங்கள் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும். உங்களுக்கு வரப்போகும் பிரச்சினை வெப்பம்.

கணக்கு இதுதான். அட்டவணை நேரங்களெல்லாம் 20 டிகிரிக்கு. 24 டிகிரியில் அந்த நேரத்தில் சுமார் 70 சதவீதம் போதும். 27 டிகிரியில் ஏறக்குறைய 55 சதவீதம். இன்னொரு பக்கம், ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப்பர் சீராகப் பரவாது. வானத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும், பிலிம் விளிம்புத் துளைகளின் ஓரத்தில் கோடு விழும். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்:

எச்சி-110, பி கலவை (1+31): 20 டிகிரியில் 5 நிமிடம். 27இல் மூன்று நிமிடத்துக்கும் கீழே. ஆகாது.

ஐடி-11 கலக்காமல்: 7½ நிமிடம். 27இல் நான்கு சொச்சம். இதுவும் ஆகாது.

ஐடி-11, 1+1: 13 நிமிடம். 27இல் ஏழு நிமிடம் சொச்சம். தாராளமாகச் செய்யலாம்.

ஐடி-11, 1+3: 20 நிமிடம். 27இல் 11 நிமிடம். நிம்மதி.

ரோடினால் 1+50: 11 நிமிடம். 27இல் ஆறு. சமாளிக்கலாம்.

ஆகவே நம் ஊரில் டெவலப்பர் தேர்வு என்பது எந்தக் கலவை நேரத்தை நீட்டித் தருகிறது என்பதில்தான் தொடங்குகிறது. டி-76 என்று பெயரை மட்டும் சொன்னால் பாதிப் பதில்தான்.

மஞ்சள் ஃபில்டர்

இவ்வளவு கணக்கு எதற்கு? ஒரு டப்பில் தண்ணீர், அதில் ஐஸ்கட்டி, டெவலப்பர் பாட்டிலை அரை மணி நேரம் நிறுத்தினால் 20 டிகிரி வந்துவிடும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். அட்டவணையில் உள்ள நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், சதவீதம் போட வேண்டியதில்லை.

உப்புத்தராசு

டெவலப்பர் 20 டிகிரி. சரி. அடுத்து ஊற்றும் ஃபிக்சர் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்)? அலசும் தண்ணீர்? அதற்கும் ஐஸ் போடுகிறீர்களா, நேராகக் குழாயைத் திறக்கிறீர்களா?

பழைய ஸ்டூடியோக்காரர்

தம்பிகளின் சண்டையில் தலையிடுவதற்கு மன்னிக்கவும். மதுரையில் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். கல்யாண ஆல்பம் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் போன காலம் முதல் கலர் வந்து டார்க் ரூமைப் பூட்டிய காலம் வரை பார்த்தவன்.

உப்புத்தராசு கேட்டது சரியான கேள்வி. பிலிமின் மேல் இருப்பது ஜெலட்டின். வெந்நீரில் ஊறிப் பெருக்கும், குளிரில் சுருங்கும். 20 டிகிரி டெவலப்பரிலிருந்து எடுத்து 31 டிகிரி குழாய்த் தண்ணீரில் விட்டால் அந்த மாற்றத்தைத் தாங்காமல் மேல்படலம் நுண்ணியதாகச் சுருக்கம் கொடுக்கலாம். அந்த நாள் பிலிமில் இது கண்கூடு. காய்ந்த ஏரி போல் வெடித்துக் கிடக்கும். இன்றைய இல்ஃபோர்டு, கோடாக் பிலிம்கள் நன்கு கடினப்படுத்தப்பட்டவை, அவ்வளவு லேசில் சுருங்காது. ஆனாலும் சோதித்துப் பார்க்க உங்கள் படங்கள்தான் கிடைத்தனவா?

நாங்கள் மண்பானைத் தண்ணீரை வைத்துக் கழுவினோம். பானைத் தண்ணீர் சித்திரையில்கூடக் குழாயைவிட நான்கைந்து டிகிரி குறைவாக இருக்கும். அதிலேயே டெவலப்பர் கலப்போம், அதிலேயே ஃபிக்சர், அதிலேயே அலசல். 20 டிகிரியா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாம் ஒரே சூடா என்பதுதான் கேள்வி.

ஒரு விஷயம் எச்சரிக்கை. ஃபிக்சருக்கான ஹைப்போ உப்பைக் கரைத்த உடனே பாத்திரத்தைத் தொட்டுப் பாருங்கள், ஐஸ் பெட்டியைத் தொட்டது போல் இருக்கும், வெளிப்புறம் வியர்த்துக்கூட விடும். அந்த உப்பு கரையும்போது தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஆகவே முதல்நாளே கரைத்து வையுங்கள். புதிதாகக் கரைத்ததை அப்போதே ஊற்றுவதுதான் சுருக்கத்துக்குச் சுலபமான வழி.

மஞ்சள் ஃபில்டர்

ஐயா சொன்ன பிறகு எதிர்வாதம் செய்யவில்லை. ஆனால் அலசும் தண்ணீரையும் 20 டிகிரியில் வைக்க முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். இல்ஃபோர்டு முறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவத் தேவையில்லை. கடினப்படுத்தாத ஃபிக்சராக இருந்தால், தொட்டியை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து ஊற்றிவிடுங்கள். மறுபடி நிரப்பிப் பத்து முறை. மறுபடி இருபது முறை. ஒரு ரோலுக்கு மூன்று நிரப்பல், ஒரு லிட்டருக்கும் குறைவு. அந்த ஒரு லிட்டரை டெவலப்பரோடு சேர்த்து அதே டப்பில் குளிரவைத்தால் முடிந்தது. மாதக் கடைசியில் லாரித் தண்ணீர் வாங்குகிற வீட்டுக்கு வேறு விதத்திலும் நல்லது.

உப்புத்தராசு

ஒப்புக்கொள்கிறேன், அது நல்ல ஏற்பாடு. அப்படியானால் 20 வரை போராடாமல் 24இல் நிறுத்திக்கொள்ளுங்கள். ஐஸ் பாதி போதும், வேலை நடக்கும்போது சூடு ஏறுவதும் குறைவு. அறை 33 டிகிரியில் இருக்கும்போது 20 டிகிரி டெவலப்பர் தொட்டிக்குள் பதின்மூன்று நிமிடம் 20லேயே நிற்கும் என்று நினைப்பது வீண் ஆசை.

நீலகிரிப் பனி

இங்கே உதகையில் இந்தத் தொல்லையே இல்லை என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். வருடத்தில் பாதி நாள் தண்ணீரைச் சூடு செய்துதான் 20க்குக் கொண்டுவருகிறேன். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையை இங்கே கொண்டுவந்ததற்கும் இந்தக் குளிரும் தூசி குறைந்த காற்றும் காரணம் என்பார்கள். 1960இல் அரசு நிறுவனமாகத் தொடங்கியது, 1967இல் உற்பத்தி. 'இந்து' பிலிம் போட்டுப் படமெடுத்தவர்கள் இந்த இழையில் ஐயாவைத் தவிர யாராவது உண்டா?

பழைய ஸ்டூடியோக்காரர்

இந்து பிலிமும் உண்டு, இந்து பேப்பரும் உண்டு. எக்ஸ்ரே பிலிமும் அங்கேதான் போட்டார்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள்.

ஸ்கார்பரோ

எதிர்த் திசையிலிருந்து ஒரு தகவல். இங்கே ஜனவரியில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும், ஐந்தாறு டிகிரிதான். டி-76இல் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனங்கள் இரண்டு, மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும். ஹைட்ரோகுயினோன் 12, 13 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய தூங்கிவிடும், மெட்டால் மட்டும்தான் வேலை செய்யும். நேரத்தை எவ்வளவு நீட்டினாலும் நெகட்டிவ் சோகையாகத்தான் வரும். உங்கள் ஊர்ச் சூட்டில் அதே ஹைட்ரோகுயினோன் தலைகீழாகத் துள்ளும் என்று நினைக்கிறேன். சரியா?

உப்புத்தராசு

மிகச் சரி. மெட்டால் சூட்டுக்கும் குளிருக்கும் அதிகம் அலட்டிக்கொள்ளாது. ஹைட்ரோகுயினோன் சூடு ஏற ஏறப் பல மடங்கு வேகமெடுக்கும். அதனால்தான் சதவீதக் கணக்கு 24 வரை நம்பகம், 27இல் பரவாயில்லை, 30க்கு மேல் போனால் கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம்) கைமீறும்.

ரசாயனம் நிறுக்கப் பயமில்லாதவர்களுக்கு இதற்கு ஒரு மாற்று உண்டு: டி-23. மெட்டால் 7.5 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். அவ்வளவுதான், ஹைட்ரோகுயினோன் கிடையாது. வெயில்காலத்துக்கு எனக்குப் பிடித்தது இதுதான். நேரம் டி-76ஐவிடச் சற்றுக் கூடுதல், வெளிச்சப் பகுதிகள் எளிதில் அடைத்துக்கொள்ளாது.

டி-76ஐயே வீட்டில் கலப்பதென்றால் மெட்டால் 2, சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, வெண்காரம் 2 கிராம். வரிசை முக்கியம். சல்பைட் முழுவதையும் முதலில் போட்டுவிட்டால் மெட்டால் கரைய மறுக்கும். ஒரு சிட்டிகை சல்பைட், பிறகு மெட்டால், அது கரைந்ததும் மீதி.

வெண்காரம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். பொரித்த வெண்காரம் வேண்டாம். அதில் நீர் போய்விட்டிருக்கும், எடைக் கணக்கு தவறிவிடும். கட்டியாக உள்ளதை வாங்கிப் பொடித்துக்கொள்ளுங்கள். மெட்டாலும் சல்பைட்டும் பாரிமுனைப் பக்க ரசாயனக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: சோடியம் சல்பைட். சல்பேட்டைக் கொடுத்தனுப்பிவிட்டால் டெவலப்பர் ஓரிரு நாளில் காபி நிறத்துக்குப் போய்விடும். மெட்டால் சிலருக்குக் கையில் கடுமையான அரிப்பைக் கொண்டுவரும், உறை போடாமல் தொட வேண்டாம்.

பழைய ஸ்டூடியோக்காரர்

சல்பேட்டையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள் தம்பி. வெப்ப நாடுகளுக்கென்று கோடாக் வெளியிட்ட டிகே-15 சூத்திரத்தில் அது வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. ஜெலட்டின் தண்ணீரை உறிஞ்சிப் பெருக்காமல் பிடித்து நிறுத்தும். சல்பைட்டுக்குப் பதில் அல்ல, சல்பைட்டோடு கூட. இன்றைய பிலிமுக்கு அவசியமில்லை என்பது வேறு.

ரோடினால் ரசிகன்

எல்லோரும் ரோடினாலை ஓரம் கட்டிவிட்டீர்கள். ஒரு மணி நேரம் அசைக்காமல் வைக்கும் முறையில் வெப்பநிலையே பொருட்டல்ல என்கிறார்களே?

உப்புத்தராசு

என்கிறார்கள். 20, 22 டிகிரி அறையில் இருப்பவர்கள். 31 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறினால் அடிப்புகை (பிலிம் முழுக்கப் படியும் மங்கல்) ஏறும், கான்ட்ராஸ்டும் ஏறும். போதாக்குறைக்கு 35 மி.மீ. பிலிமில் துளைகளிலிருந்து கீழ்நோக்கிப் புரோமைடு வழிந்த தடம் கோடுகளாக விழும். ரோடினால் அருமையான டெவலப்பர், எனக்கும் பிடிக்கும். ஆனால் 100 வேக பிலிமுக்கு. நடுத்தர அளவு பிலிமானால் இன்னும் நல்லது. 35 மி.மீ. எச்பி5 பிளஸில் துகள்கள் அரிசி அரிசியாக எழுந்து நிற்கும். அதில் துகளைக் கரைக்கும் அளவுக்குச் சல்பைட் இல்லை. வேகமும் கொஞ்சம் குறையும்.

ரோடினால் ரசிகன்

துகள் எழுந்து நிற்பதுதானே அழகு! சரி, ரசனைக்கு வழக்குப் போட முடியாது.

காசிமேட்டுக் கேமரா

அண்ணன்மார்களுக்கும் ஐயாவுக்கும் நன்றி. எச்சி-110 பற்றி ஒரு கேள்வி. தேன் போன்ற திரவம், வருடக்கணக்கில் கெடாது என்று படித்தேன். எனக்கு இடைவெளி அதிகம், பொடி கரைத்து வைத்தால் வீணாகும். பி கலவை ஆகாது என்றால் இன்னும் நீர்க்கக் கலக்கலாமா?

மஞ்சள் ஃபில்டர்

கலக்கலாம். 1+63 என்று எச் கலவை ஒன்று உண்டு. கோடாக் அட்டவணையில் இல்லாதது, பயன்படுத்துகிறவர்கள் வைத்த பெயர். நேரம் பி கலவையின் இருமடங்கு. அதாவது 20 டிகிரியில் பத்து நிமிடம், 24இல் ஏழு. ஒரு ரோலுக்குக் குறைந்தது ஆறு மில்லி அடர்திரவம் போக வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1+63இல் ஆறு மில்லி என்றால் சுமார் 380 மில்லி கலவை. 290 மில்லி தொட்டியில் அடங்காது. இன்னொன்று, வருடக்கணக்கில் கெடாத பெயர் வாங்கியது பழைய கெட்டித் திரவம். 2019 வாக்கில் தயாரிப்பு மாறிவிட்டது, அதன் பிறகு வந்தது நீர்த்த பதம். பழைய கீர்த்தியை நம்பிப் பல வருடத்துக்குச் சேமித்து வைக்காதீர்கள்.

கல்லூரி லென்ஸ்

நடுவில் நுழைகிறேன். காபித் தூளில் கழுவலாம் என்கிறார்களே, உண்மையா? விடுதியில் இருக்கிறேன், ரசாயனம் வாங்க வசதி இல்லை.

உப்புத்தராசு

உண்மைதான். 1995இல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழக வகுப்பில் பிறந்த யோசனை. ஒரு லிட்டருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், உடனடிக் காபித் தூள் 40 கிராம். 20 டிகிரியில் பதினைந்து நிமிடம். வேலை செய்வது காபியில் உள்ள கஃபீக் அமிலம், கஃபீன் அல்ல. எனவே ஃபில்டர் காபி டிகாக்ஷனை ஊற்றிப் பார்க்க வேண்டாம், பாதி சிக்கரி கலந்த தூளும் வேண்டாம். ஆப்பச் சோடா போட்டால் பிலிம் வெறுமையாகவே வரும், அதற்குக் காரம் போதாது. நாற்றத்துக்கு விடுதி வார்டனிடம் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். ஃபிக்சருக்கு வீட்டு மாற்று கிடையாது, ஆனால் கொளத்தூர் மீன் கடைகளில் தண்ணீர்க் குளோரினைப் போக்க விற்கும் கட்டி உப்பு ஹைப்போதான். லிட்டருக்கு 250 கிராம். ஒரு துண்டு பிலிமைப் போட்டு, பால்வெண்மை போய்த் தெளிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, அதைப்போல் இரண்டு மடங்கு ஊறவையுங்கள்.

மஞ்சள் ஃபில்டர்

காசிமேட்டுக் கேமராவுக்கு ஒன்று விட்டுப்போயிற்று. நீங்கள் எடுப்பது நம் வெயிலில். தேர்த் திருவிழாவில் நண்பகலில் எடுத்த ஒரு நெகட்டிவ் இப்போது என் முன்னால் லைட் பெட்டியில் இருக்கிறது. வடம் பிடிப்பவர்களின் வெள்ளை வேட்டி நெகட்டிவில் கரிக்கட்டையாக அடைத்திருக்கிறது, மடிப்பு ஒன்றும் தெரியவில்லை. முகங்கள் கண்ணாடி போல் வெறுமை. மீட்டர் சொன்னபடி 400இல் எடுத்து, அட்டவணைப்படி முழு நேரம் கழுவியதன் விளைவு. அதே நாள் மீட்டரை 200இல் வைத்து, அதாவது இருமடங்கு வெளிச்சம் கொடுத்து எடுத்து, நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் கழுவிய ரோலில் வேட்டி மடிப்பும் இருக்கிறது, நெற்றித் திருநீறும் இருக்கிறது. ஸ்கேன் செய்கிறவருக்குக் கொஞ்சம் மென்மையான நெகட்டிவ்தான் வசதி. இதற்கும் ஐடி-11 1+3 கைகொடுக்கும். வெளிச்சப் பகுதியில் டெவலப்பர் சீக்கிரம் களைத்துவிடும், நிழல் பகுதியில் தொடர்ந்து வேலை செய்யும்.

காசிமேட்டுக் கேமரா

முடிவு செய்துவிட்டேன். ஐடி-11 ஒரு லிட்டர் பொடி, 1+3. ஐஸ் டப்பில் எல்லாவற்றையும் 24க்குக் கொண்டுவருவேன், கரன்ட் போனாலோ சோம்பல் வந்தாலோ பானைத் தண்ணீர் 27. கரைத்ததைக் கெடாமல் வைக்க என்ன வழி? கடைசியாக ஒன்று: என் தொட்டி 290 மில்லி கொள்ளும். 1+3 என்றால் டெவலப்பர் 72 மில்லிதான் போகிறது. போதுமா?

பழைய ஸ்டூடியோக்காரர்

ஒரு லிட்டர் பாட்டிலில் வைக்காதீர்கள். சிறிய பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள், ஒவ்வொன்றாகத் திறந்தால் போதும். பாதியில் நிற்கும் பாட்டிலுக்குக் கோலிக்குண்டுகளைக் கழுவிப் போட்டு மட்டத்தை ஏற்றுவோம், அதுவும் நடக்கும். சமையலறை ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. கலப்பதற்கும் கடைசி அலசலுக்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், போர்வெல் தண்ணீரின் உப்பு பிலிமில் பொட்டுப் பொட்டாகக் காயும்.

உப்புத்தராசு

72 போதாது. ஒரு ரோலுக்கு 100 மில்லியாவது மூலக் கரைசல் போக வேண்டும். இரண்டு ரீல் கொள்ளும் தொட்டியாக மாற்றிக்கொள்ளுங்கள். பிலிம் ஏற்றிய ரீல் கீழே, வெற்று ரீல் மேலே. இல்லாவிட்டால் கவிழ்க்கும்போது கீழ் ரீல் மேலே ஏறிவிடும். 125 மில்லி டெவலப்பர், 375 மில்லி தண்ணீர். 24 டிகிரியில் 14 நிமிடத்தில் தொடங்குங்கள். 200இல் எடுத்த ரோல் என்றால் 11. ரீல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். கருப்புப் பைக்குள் கை வியர்ப்பதற்கு முன்னால் ஏற்றி முடித்துவிடுங்கள், அதிகாலையில் செய்தால் உத்தமம்.